அலியான்ஸ் நீங்கலாக

புதுச்சேரி
10-6-1979

சேசு மரி சூசை

அன்புள்ள தங்கை ஸ்டெல்லாமேரிக்கு அக்காள் அகஸ்டினா எழுதிக்கொண்டது. மாதாவின் தயவால் இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் சுகமில்லை; அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. பிரான்சில், பிரெழுஸில் நீயும் பட்டாளத்து மாப்பிள்ளை தனிஸ்லாசும் சுகமாக இருப்பதற்கு எழுதவும்.

உன் கடிதம் கிடைத்தது. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது, டிசம்பர் என்கிறாய். படித்துவிட்டுக் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். திரும்பி வந்து மறுபடியும் படித்தேன். ஊரார் பிள்ளைகளை எல்லாம் கையில் வாங்கியவளுக்கு, தங்கை பிள்ளையை வாங்கக் கடல் தாண்ட வழியில்லை. போகட்டும். அங்கே உள்ள மத்தர்னித்தே நம்முடைய பிரசவ ஆஸ்பத்திரி போல இராது. சுத்தம் தெரிந்தவர்கள். சொன்னதைக் கேள், மாதாமாதம் தவறாமல் போ. நர்சை எதிர்த்துப் பேசுகிற கர்ப்பிணியை எந்த நாட்டிலும் எனக்குப் பிடிக்காது.

இங்கே அப்படி ஒருத்தி எனக்கு வாய்த்திருக்கிறாள். குருசுக்குப்பம் செல்வாம்பாள். மீனவப் பெண். முதல் பிரசவம் வீட்டில் நடந்தது. கைகால் வீங்கி, ஜன்னி கண்டு, பிள்ளை போய்விட்டது. அவள் பிழைத்ததே அதிசயம். இந்த முறையும் வீட்டில் விட்டால் இரண்டு உயிரும் போகும். இதை அவள் மாமியார் அமிர்தவல்லியிடம் எடுத்துச் சொல்ல, அவள் மீன் விற்கிற இடத்துக்கே போய் நின்றேன்.

"மீன் வாங்கறதுன்னா வாங்கு நர்சம்மா. இல்லன்னா நவுரு, யாவாரத்த மறைக்காத" என்றாள்.

வாங்கினேன். வாரக்கணக்கில் வாங்கினேன். கடைசியில் மனம் இறங்கி, நவம்பரில் மருமகளை நம் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவருவதாக மாரியம்மன் மேல் சத்தியம் செய்திருக்கிறாள். எனக்குத்தான் மீனைக் கண்டால் இப்போது குமட்டுகிறது. யார் கர்ப்பிணி என்று குஞ்சம்மாள் ஆயா கேட்கிறாள்.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம்.

அக்காள்
அகஸ்டினா


பிரெழுஸ்
4-7-1979

அன்புள்ள அக்காவுக்கு ஸ்டெல்லா எழுதுவது. நான் சுகம். உன் முழங்காலை நீ கணக்கில் சேர்க்காவிட்டாலும் நான் சேர்த்து விசாரிக்கிறேன்.

அவரைச் சாடு தேசத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஆப்பிரிக்காவில் இருக்கிறது, முக்கால்வாசி மணல். அங்கே சண்டை என்று ரேடியோவில் சொல்கிறார்கள். சண்டை இல்லை, காவல்தான் என்று பட்டாளத்தில் சொல்கிறார்கள். நான் காலையில் ஒன்றையும் மாலையில் ஒன்றையும் நம்புகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பச்சை இலைகளைப் புளிக்காடியில் நனைத்துத் தின்னச் சொன்னார்கள். பிள்ளை பிறந்த அன்றே குளிக்கலாமாம். இஞ்சி, பூண்டு என்றேன். சமையல் குறிப்பு கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதெல்லாம் போகட்டும். அங்கிருந்த ஒரு சின்னப் பெண் நகைகளைக் கழற்றி டிராயரில் போடச் சொன்னாள். வளையலும் தோடும் கழற்றினேன். கழுத்தைக் காட்டி, "அதுவும்" என்றாள். பிரசவத்துக்கு வரும்போது அது கழுத்தில் இருக்கக் கூடாதாம். "சங்கிலிதானே மதாம், தொலையாது" என்று சிரித்தாள். கெட்ட பெண் இல்லை. நான் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அவர் அங்கே துப்பாக்கியோடு நிற்கும்போது நான் இங்கே தாலியைக் கழற்றி டிராயரில் போடுவதா, அக்கா?

அன்புத் தங்கை
ஸ்டெல்லா


புதுச்சேரி
19-8-1979

சேசு மரி சூசை

அன்புள்ள ஸ்டெல்லாவுக்கு அக்காள் ஆசீர்வதித்து எழுதுவது. நான் சுகமாக இருந்தேன், உன் கடிதம் வரும் வரையில்.

தாலியைக் கழற்றச் சொன்னாளா! அவள் ஒரு நர்சா? புருஷன் யுத்தபூமியில் நிற்கிறான், பெண்டாட்டி கழுத்தில் கைவைக்க இவர்களுக்கு எப்படி மனம் வருகிறது? ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரியின் மனசு என்று ஒன்று இருக்கிறதே, அதைப் படிப்பில் சொல்லிக்கொடுக்கவில்லையா? நீ பொத்தான் போட்டுக்கொண்டு வந்தது சரிதான். நானாக இருந்தால் அந்த டிராயரைத் தூக்கி வெளியே எறிந்திருப்பேன்.

இங்கே வார்டில் எனக்கு நடந்த அவமானத்தைக் கேள். போன வாரம் செல்வாம்பாள் கை வீங்கி வந்தாள். ரத்தக் கொதிப்பு ஏறியிருந்தது. இரண்டு நாள் படுக்க வைத்துப் பார்க்கலாம் என்று கட்டில் கொடுத்தேன். வீராம்பட்டினம் ஆடித் தேருக்குப் போய் அம்மனிடம் வைத்துப் போட்டுக்கொண்ட கண்ணாடி வளையல்கள் முழங்கைக்குப் பாதி வரை இருந்தன. கை வீங்கியதால் கழலவில்லை. உடைத்துத்தான் எடுக்க வேண்டும். குறடைக் கொண்டுவரச் சொன்னேன்.

"தோ பாரு நர்சம்மா, எம் புள்ள சாமிக்கண்ணு விடியக்காலம் மரம் தள்ளிக்கினு கடலுக்குப் போயிருக்கான். அவன் கரை ஏர்ற வரைக்கும் இவ கையில ஒரு வளையல் ஒடையக்கூடாது" என்றாள் மாமியார்.

வாசலில் மாட்டியிருக்கும் போர்டைக் காட்டினேன். வெள்ளைக்காரன் காலத்துப் போர்டு, மேலே பிரெஞ்சு, கீழே தமிழ்: சகல ஆபரணங்களையும் கழற்ற வேண்டியது.

"போர்டா கடலுக்குப் போவுது?" என்கிறாள்.

மூடநம்பிக்கையோடு எவ்வளவு நேரம் வாதாடுவது? ஒரு வளையலை உடைத்தேன். அவ்வளவுதான், செல்வாம்பாள் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். எடுக்கவே இல்லை. அமிர்தவல்லி என் கையைப் பார்த்தாள்.

"அது இன்னா வெரல்ல பிளாஸ்திரி?"

குஞ்சம்மாளுக்கு வாய் நிற்காது. "உள்ள சிஸ்டரோட அலியான்ஸ் இருக்குது, கல்யாண மோதிரம். கிருமி ஒட்டாம பிளாஸ்திரி சுத்திக்கினு வருவாங்க."

"ஒம் புருசன் இன்னா பண்றாரு?"

"அவரு செத்து ஏழு வருசம் ஆவுது." இதற்கும் பதில் குஞ்சம்மாள்தான்.

"செத்தவருக்குப் பிளாஸ்திரி, உசுரோட கடல்ல கெடக்கறவனுக்குக் குறடா? நல்லா இருக்குது ஒங்க நாயம். எழுந்திருடி" என்று மருமகளைக் கூட்டிக்கொண்டு போயே போய்விட்டாள். வாய்த்துடுக்கைப் பார். இப்படிப்பட்டவர்களுக்கு நாம் என்ன செய்ய முடியும்?

அடுத்து எப்போது ஆஸ்பத்திரிக்குப் போகிறாய்? தேதி எழுது.

அக்காள்
அகஸ்டினா


பிரெழுஸ்
9-9-1979

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் சுகத்துக்கு எழுது. இங்கே காற்று மாறிவிட்டது. வடக்கேயிருந்து அடிக்கிறது, ஜன்னல் எல்லாம் ஆடுகிறது. பக்கத்து வீட்டு மதாம் அருளானந்தம் ஒரு கூடை அத்திப்பழம் கொடுத்தார்கள். அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார்கள், உன்னை வந்து பார்ப்பார்கள்.

அந்தச் செல்வாம்பாளின் புருஷன் அன்று கரைக்கு வந்தானா?

ஸ்டெல்லா


புதுச்சேரி
28-9-1979

சேசு மரி சூசை

அன்புள்ள ஸ்டெல்லாவுக்கு,

சுகமாக இருக்கிறேன் என்று எழுதுவது வழக்கத்துக்காக. ஆஸ்பத்திரிக்குப் போகும் தேதியைக் கேட்டேன், அத்திப்பழம் எழுதுகிறாய். உனக்கு எழுதுவதும் இங்கே புதிதாக வந்திருக்கும் டாக்டர் ராஜாங்கத்திடம் பேசுவதும் ஒன்றாகிக்கொண்டு வருகிறது.

சாமிக்கண்ணு அன்றே வந்துவிட்டான். கட்டுமரம் நிறைய கவளை மீன். உடைந்தது ஒன்றுதான், மற்றவையெல்லாம் காப்பாற்றின என்று அமிர்தவல்லி ஊர் முழுக்கச் சொல்கிறாள். மீன் வராமல் இருந்தால் அந்த ஒன்றின் மேல் பழி வந்திருக்கும். எப்படியும் அவளே ஜெயிக்கிறாள்.

இப்போது குருசுக்குப்பத்திலிருந்து ஒரு கர்ப்பிணியும் வருவதில்லை. எங்கள் டாக்டர் ராஜாங்கம் இதை ஆராய்ந்து, "வருகைக் குறைவுக்குக் காரணம் அறியாமை" என்று ஒரு சுற்றறிக்கை விட்டார். அறியாமைக்கு மருந்து சினிமா. சர்க்கார் படம் ஒன்றை வரவழைத்துக் குப்பத்து மணலில் திரை கட்டிப் போட்டோம். படம் இந்தியில் இருந்தது. அதில் ஒரு வடநாட்டுப் பெண் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றுச் சிரிக்கிறாள். எல்லோரும் அமைதியாகப் பார்த்தார்கள். முடிந்ததும் அமிர்தவல்லி எழுந்தாள்.

"டாக்டரய்யா, அந்தப் பொண்ணு முழங்கை வரைக்கும் வளையல் போட்டுக்கினுதான படுத்திருக்கா? அவளுக்கு ஒங்க குறடு எட்டலியா?"

"அது நடிகைம்மா" என்றார் டாக்டர்.

"அப்ப நடிகைக்குத்தான் ஆஸ்பத்திரி" என்று கூட்டம் கலைந்துவிட்டது. 

செல்வாம்பாள் கரையேற்றிய ஒரு வள்ளத்தின் மறைவில் உட்கார்ந்திருந்தாள். முகமும் வீங்கிவிட்டது. நான் பக்கத்தில் போனதும் கைகள் உள்ளே போய்விட்டன. நாடி பார்க்கக்கூட ஒரு மணிக்கட்டு கிடைக்கவில்லை. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. எனக்கு ராத்தூக்கம் இல்லை. அவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை.

தேதி எழுது.

அகஸ்டினா


புதுச்சேரி
21-10-1979

ஸ்டெல்லா,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. இனிமேல் ஏன் இல்லை என்று கேட்க மாட்டேன். ஞாயிறு பூசை முடிந்து மதாம் அருளானந்தம் என்னைக் கோயில் வாசலில் பிடித்துக்கொண்டார்கள். நீ ஜூலைக்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லையாம். தாலியைக் கழற்றச் சொல்வார்கள் என்று வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாயாம். வலி வந்தால் மதாம் அருளானந்தத்தின் மாமியாரைக் கூப்பிட்டுக்கொள்ளப் போகிறாயாம். அந்த அம்மாளுக்கு ஒரு கண்ணில் பார்வையே இல்லை!

உனக்குப் புத்தி இருக்கிறதா? எட்டு வருஷம் கழித்து வந்த பிள்ளை. முப்பத்தோரு வயசில் முதல் பிரசவம். ஒரு கயிற்றுக்காகவா இப்படி உயிரைப் பணயம் வைப்பாய்? நீ இங்கே கழற்றினால் அங்கே மாப்பிள்ளைக்குக் குண்டு படுமா? படித்த பெண், பிரெஞ்சு பேசுகிறவள், வேதக்காரி. கடலோரத்தில் எழுதப்படிக்கத் தெரியாமல் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கும் உனக்கும் என்ன

வார்டில் கூப்பிடுகிறார்கள். இத்துடன் நிறுத்துகிறேன்.

அகஸ்டினா


பிரெழுஸ்
3-11-1979

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இந்த முறை நிஜமாகவே சுகம், சோதித்துப் பார்த்துச் சொன்னார்கள்.

ஆகஸ்டில் நீ எழுதியதையும் அக்டோபரில் எழுதியதையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். கழற்றச் சொன்னவள் நர்சே இல்லை என்று ஒன்றில் இருக்கிறது. கழற்றாதவள் புத்தி கெட்டவள் என்று இன்னொன்றில் இருக்கிறது. இரண்டிலும் கையெழுத்து உன்னுடையதுதான். பாதியில் நின்ற வாக்கியத்தை நான் முடித்துக்கொண்டேன். வார்டில் யார் கூப்பிட்டார்கள் என்று கேட்கவில்லை.

மறுநாளே போனேன். அவரிடமிருந்து ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. அதனால் இந்த நேரத்தில் கழுத்தைத் தொட விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். இந்த முறை வயசான மருத்துவச்சி ஒருத்தி இருந்தாள். "அது என்ன?" என்று கேட்டாள். போன முறை யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. "என் அலியான்ஸ். எங்களுக்குக் கழுத்தில்" என்றேன். "அலியான்ஸா? அதை யார் கழற்றச் சொன்னது?" என்று பிளாஸ்திரியை எடுத்துத் தாலியை என் முதுகுப் பக்கம் தள்ளி, ஒட்டிக் காட்டினாள். பிரசவத்தன்றும் இப்படியே ஒட்டிக்கொள்ளலாம் என்றாள். முடிந்தது. இதற்காக நான் நாலு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா, நான் சின்னப் பெண்ணாக உனக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பேனே, அந்தப் போர்டைத்தான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருப்பேன். நீ செல்வாம்பாளுக்கு முதல் வரியைத்தான் காட்டியிருக்கிறாய். அடியில் இன்னொரு வரி உண்டே. இன்னும் இருக்கிறதா?

ஸ்டெல்லா


புதுச்சேரி
20-11-1979

சேசு மரி சூசை

அன்புள்ள ஸ்டெல்லாவுக்கு அக்காள் எழுதுவது. சுகம்.

இருக்கிறது. தூசியைத் துடைத்ததும் தெரிந்தது: அலியான்ஸ் நீங்கலாக. வெள்ளைக்காரன் போய் இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. அவன் போனது போர்டுக்கு மட்டும் தெரியாது.

டாக்டர் ராஜாங்கத்தைக் கூட்டிவந்து காட்டினேன். "அலியான்ஸ் என்றால் மோதிரம், சிஸ்டர். மோதிரம் விரலில் போடுவது. வளையல் கையில் போடுவது. விரலும் கையும் ஒன்றா?" என்று கேட்டார். உடற்கூறு படித்துப் பாஸானவர் கேட்ட கேள்வி. 

ஸ்டோர் ஆதிமூலத்திடம் பிளாஸ்திரி கேட்டேன்.

"காயம் எங்க, சிஸ்டர்?"

"காயம் இல்லை. வளையலுக்கு."

"காயம் இல்லாம பிளாஸ்திரி குடுக்க ரூல்ஸ் இல்லியே."

"இத்தனை வருஷமாக என் விரலுக்குக் கொடுத்தீரே, அங்கே என்ன காயம்?"

நன்றாக யோசித்தார். "அது பழக்கம், சிஸ்டர்" என்றார்.

கடைசியில் நேரு வீதி மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டு குருசுக்குப்பம் போனேன். அமிர்தவல்லி வலையைத் தாண்டி என்னை உள்ளே விடவில்லை. குறடு இல்லை என்று பையை உதறிக் காட்டினேன். வளையல்களைச் சேர்த்துத் துணி சுற்றி, மேலே பிளாஸ்திரி போட்டால் உடைக்க வேண்டாம் என்றேன்.

"மொதல்ல எனக்குச் சுத்து. ஒடையுதா பாக்கறேன்."

சுற்றினேன். அப்படியே மீன் கூடையைத் தூக்கினாள், ஐஸ் உடைத்தாள், கையைப் படகில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். மறுநாள் அந்தக் கட்டோடு கடைத்தெருவுக்குப் போனாள். கையை முறித்துக்கொண்டாள் என்று எல்லோரும் துக்கம் விசாரித்தார்களாம். சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள்.

"ஒண்ணும் ஒடையல. மீன் வாடதான் உள்ள பூந்துக்கினு போவ மாட்டேங்குது. பிரி."

பிரித்தேன். ரோமத்தோடு வந்தது. அவள் அப்போது பேசியதை எழுத முடியாது. ஆனால் செல்வாம்பாள் நேற்று வந்து படுத்துவிட்டாள். இரண்டு கைக்கும் நானே சுற்றினேன். அவள் கைகளைத் தானாக வெளியே நீட்டினாள். கொதிப்பு மிக அதிகமாக இருக்கிறது. ஜெபித்துக்கொள்.

அக்காள்
அகஸ்டினா


புதுச்சேரி
9-12-1979

சேசு மரி சூசை

அன்புள்ள ஸ்டெல்லாவுக்கு,

உன் நாள் நெருங்குகிறது, அதனால் நல்லதை முதலில் எழுதுகிறேன். செல்வாம்பாளுக்குப் பெண் குழந்தை. இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். நடுவில் ஜன்னி ஒருமுறை கண்டது. கண் மேலே செருகி, கைகால் வெட்டி இழுத்தது. வீட்டில் இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஊசி கையில் இருந்தது, நான் பக்கத்தில் இருந்தேன். டாக்டர் ராஜாங்கமும் ஓடிவந்தார். அவரைப் பற்றி நல்லதாக எழுத ஒன்று கிடைத்ததில் சந்தோஷம்.

அன்று கடல் கொந்தளிப்பு. சாமிக்கண்ணு பொழுது சாயத்தான் கரையேறினான். ஈரத் துணியோடு வார்டு வாசலில் வந்து நின்றவன், முதலில் அவள் கைகளைப் பார்த்தான். நான் கட்டைப் பிரித்தேன். எல்லாம் முழுசாக இருந்தன. அதற்குப் பிறகுதான் பிள்ளையைப் பார்த்தான்.

இனி கெட்டது. டாக்டர் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். குருசுக்குப்பத்துப் பெண்கள் மறுபடி வரத் தொடங்கியதற்குக் காரணம் சினிமாவாம். பிளாஸ்திரி பற்றி ஆதிமூலம் மேலே எழுதிக் கேட்டுவிட்டார். ஒருவருக்கு உண்டு, ஒருவருக்கு இல்லை என்பது பாரபட்சம் அல்லவா என்று மேலிடம் கேட்டதாம். நியாயமான கேள்விதான். டாக்டர் யோசித்துப் பாரபட்சத்தை ஒழித்துவிட்டார்: இனி யாருக்கும் கிடையாது. அலியான்ஸ் உட்பட சகல ஆபரணங்களும் கழற்றப்பட வேண்டும், ஊழியர்களும் சேர்த்து. சமத்துவமாம்.

"சிஸ்டர், நீங்களே முன்மாதிரியா இருங்க" என்று நேற்று என் முன்னால் நின்றார். என் விரல் முட்டி வீங்கிப் பல வருஷம் ஆகிறது, மோதிரம் கழலாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதே குறடு. குறடு சின்னதானாலும் மோதிரத்தை வெட்டும் என்றார் டாக்டர். நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். கையை நீட்டத்தான் நினைத்தேன். அது நான் சொல்லாமலே முந்தானைக்குள் போய்விட்டது. வெளியே வரவில்லை.

அகஸ்டினா


பிரெழுஸ்
22-12-1979

அன்புள்ள அக்காவுக்கு,

பதினெட்டாம் தேதி ஆண் குழந்தை பிறந்தது. சுகம், சுகம், இரண்டு பேரும் சுகம். தாலி முதுகில் ஒட்டியபடியே இருந்தது. வலி வந்தபோது கத்தியதில் உன் பெயரும் இருந்ததாம். வயசான மருத்துவச்சி அதை மாதாவின் பெயர் என்று நினைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

அவருடைய கடிதங்கள் மூன்றும் ஒரே நாளில் வந்தன. காவல்தானாம்.

உன் கை வெளியே வந்ததா?

ஸ்டெல்லா


புதுச்சேரி
8-1-1980

சேசு மரி சூசை

அன்புள்ள ஸ்டெல்லாவுக்கும் நம் பிள்ளைக்கும் அக்காள் ஆசீர்வதித்து எழுதுவது.

உன் கடிதத்தை வார்டு முழுக்கப் படித்துக் காட்டினேன். பிள்ளைக்குத் தலைக்குக் குல்லாய் போடு. அந்த இலைதழைகளைத் தின்னாதே.

என் விஷயம் குஞ்சம்மாள் வாய் வழியாகக் குருசுக்குப்பம் போய்விட்டது. மறுநாள் காலையில் அமிர்தவல்லி கூடையோடு வந்தாள், பின்னால் பத்துப் பன்னிரண்டு கூடைகள். டாக்டர் அறை வாசலில் வரிசையாக இறக்கினார்கள்.

"டாக்டரய்யா, எங்க நர்சம்மா மோதிரத்த வெட்டணும்னா வெட்டு. மொதல்ல ஒம் பொண்டாட்டி கழுத்துல இருக்கறத இந்த மேசமேல கொண்டாந்து வையி. வைக்கிற வரைக்கும் நாங்க இங்கயே யாவாரம் பண்றோம்."

பண்ணினார்கள். வெயில் ஏற ஏற மீனும் தன் கட்சியைப் பேசியது. மத்தியானத்துக்குள் சுற்றறிக்கை மறு பரிசீலனைக்கு எடுக்கப்பட்டது. ரத்து செய்யப்படவில்லை, தப்பாக நினைக்காதே, பரிசீலனையில் இருக்கிறது. நான் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருக்கும். போர்டை யாரும் தொடவில்லை. போகிறபோது அமிர்தவல்லி என்னிடம், "செத்தவராச்சேனு அன்னைக்கு ஒரு பேச்சுக்குச் சொன்னது. மனசுல வச்சுக்காத. அவரும் எந்தக் கரையிலயோ இருப்பாரு" என்றாள். இரண்டு கவளை மீனையும் வைத்துவிட்டுப் போனாள். சாப்பிட்டேன்.

ஆதிமூலம் இப்போது காயம் கேட்பதில்லை. பிளாஸ்திரியே ஸ்டாக் இல்லை என்கிறார். நாலு உருளை வாங்கி அனுப்பு. தை மாதம் குப்பத்தில் மூன்று பேருக்கு நாள் குறித்திருக்கிறது.

இங்கே நான் சுகம். விரலும் சுகம். அங்கே உன் கழுத்தின் சுகத்துக்கு எழுதவும்.

அக்காள்
அகஸ்டினா